திரையும் ஹிஸ்டோகிராமும்: எக்ஸ்போஷரை எதைக் கொண்டு முடிவு செய்வது?

"திரையை நம்பாதே, ஹிஸ்டோகிராமைப் பார்" என்பது டிஜிட்டல் ஒளிப்படம் பழகத் தொடங்கும் எவருக்கும் முதலிலேயே சொல்லப்பட்டுவிடும் அறிவுரை. எக்ஸ்போஷர் என்பது சென்சார் மீது விழவிடும் ஒளியின் அளவு; ஹிஸ்டோகிராம் என்பது படத்தில் எந்தப் பிரகாசத்தில் எத்தனை பிக்சல்கள் இருக்கின்றன என்று காட்டும் வரைபடம். சொல்பவர்கள் அனுபவசாலிகள்; சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. ஆனாலும் இந்த அறிவுரை என்னை நெடுநாளாக உறுத்திக்கொண்டே இருந்தது. திரையில் தெரிவது வெறும் தோற்றம், ஹிஸ்டோகிராமில் தெரிவது அளவீடு, ஆகவே இரண்டும் முரண்படும்போது அளவீட்டின் பக்கம் நிற்பதே அறிவுடைமை என்ற எண்ணம் அதற்குள் ஒளிந்திருக்கிறது. எண்களுக்கு நாம் இயல்பாகவே தரும் மரியாதையும் அந்த எண்ணத்துக்குத் துணை நிற்கிறது. கேமராவின் பின்னால் நின்றுகொண்டு, எடுக்கும் முன்பே காட்சியைத் திரையில் காட்டும் லைவ் வியூவையும் அதன் மூலையில் அசைந்துகொண்டிருக்கும் வரைபடத்தையும் மாறி மாறிப் பார்க்கும்போதெல்லாம், இவற்றில் ஒன்றை நீதிபதியாகவும் மற்றொன்றைச் சந்தேகத்துக்குரிய சாட்சியாகவும் வைப்பது சரிதானா என்ற கேள்வி எனக்குள் எழுந்தது. அந்தக் கேள்விக்கு நான் கண்டடைந்த விடையை இங்கே எழுதிவைக்க விரும்புகிறேன்.

கண் செய்யும் சமரசம்

திரையின் மீது சுமத்தப்படும் குற்றத்தில் பெரும்பங்கு நம் கண்ணையே சேரும். நண்பகல் வெயிலில் நிற்கும்போது கண்பாவை சுருங்கி, விழித்திரையும் அந்தப் பேரொளிக்குப் பழகியிருக்கும். அப்போது கேமராவின் திரை மங்கலாகத் தெரியும். படம் இருட்டாக விழுகிறதோ என்ற ஐயத்தில் இன்னும் கொஞ்சம் ஒளியைக் கூட்டத் தோன்றும். இரவில் நிலைமை தலைகீழ். இருளுக்குப் பழகிய கண்ணுக்கு அதே திரை பளீரென்று ஒளிர்வதால், இரண்டு ஸ்டாப் (ஒரு ஸ்டாப் என்றால் ஒளி இரு மடங்காவது அல்லது பாதியாவது) குறைவாக எடுக்கப்பட்ட படம்கூடப் போதுமான வெளிச்சத்தோடு இருப்பதாகவே படும். வீட்டுக்கு வந்து கணினியில் திறக்கும்போதுதான் அதன் நிழற்பகுதிகள் சேறுபோல் கலங்கிக் கிடப்பது தெரியவரும். சுற்றுப்புற ஒளிக்கேற்பத் திரையின் பிரகாசத்தைத் தானாகவே மாற்றிக்கொள்ளும் வசதி பல கேமராக்களில் இருக்கிறது. பார்ப்பதற்கு அது உதவியாக இருக்கலாம். எக்ஸ்போஷரை மதிப்பிடுவதற்கு அது இடையூறு. அளவுகோலே நிமிடத்துக்கு நிமிடம் நீண்டு சுருங்கினால் எதை வைத்து அளப்பது? பிரகாசத்தை ஒரே அளவில் நிறுத்திவைப்பது என் வழக்கம். மின்னணு வியூஃபைண்டர் இருந்தால் வெளியே வெயிலடிக்கும் நேரங்களில் அதைத்தான் நாடுகிறேன். வெளி ஒளி பெருமளவு மறைக்கப்படுவதால் கண் அந்தச் சிறிய திரைக்கு மட்டும் பழகிக்கொள்கிறது. மதிப்பீடும் ஓரளவு நிலையாக அமைகிறது.

இந்தக் குறைகளைச் சொல்லும்போது லைவ் வியூ நமக்குத் தந்த பெரிய மாற்றத்தை மறந்துவிடக் கூடாது. கண்ணாடி வைத்த எஸ்எல்ஆர் கேமராவின் வியூஃபைண்டரில் தெரிவது லென்ஸ் வழியே வரும் உலகம். எடுக்கப்போகும் படம் அதில் தெரியாது. ஷட்டர் வேகத்தை எவ்வளவு மாற்றினாலும் அந்தக் காட்சி இம்மியும் மாறாது. ஒளிமானியின் முள் சொல்வதைக் கேட்டு, அனுபவத்தால் திருத்தி, எடுத்த பிறகே பார்க்க வேண்டியிருந்தது. 2000-இல் வந்த ஒலிம்பஸ் ஈ-10 கேமராவில் லென்ஸைக் கழற்ற முடியாது என்றாலும், கண்ணாடிக்குப் பதிலாக ஒளியைப் பிரிக்கும் பட்டகம் இருந்ததால் காட்சியைத் திரையில் முன்கூட்டியே பார்க்க முடிந்தது. 2005-இல் கேனன் 20டிஏ வானியல் ஒளிப்படக்காரர்களுக்காக வரையறுக்கப்பட்ட அளவில் அந்த வசதியைக் கொடுத்தது. 2006-இல் ஒலிம்பஸ் ஈ-330 லென்ஸ் மாற்றக்கூடிய டிஎஸ்எல்ஆரில் முழுமையான லைவ் வியூவைக் கொண்டுவந்தது. 2008-இல் பானசோனிக் ஜி1 கண்ணாடியையே நீக்கிவிட்டது. எடுப்பதற்கு முன்பே விளைவைப் பார்ப்பது என்ற நிலை இந்தச் சில ஆண்டுகளில் இயல்பாகிவிட்டது. எக்ஸ்போஷர் கற்றுக்கொள்பவருக்கு இதைவிட நல்ல ஆசிரியர் இல்லை என்றே நான் நினைக்கிறேன். டயலைத் திருப்பும்போது காட்சி இருள்வதும் வெளுப்பதும் கண்முன்னே நடக்கிறது.

ஆனால் லைவ் வியூ எப்போதும் விளைவைத்தான் காட்டுகிறதா என்பதை முதலில் உறுதிசெய்துகொள்ள வேண்டும். கேனன் கேமராக்களில் எக்ஸ்போஷர் சிமுலேஷன் என்றும் சோனியில் செட்டிங் எஃபெக்ட் என்றும் பெயர் பெற்றிருக்கும் அமைப்பு அணைக்கப்பட்டிருந்தால், நீங்கள் எந்த ஷட்டர் வேகத்தை வைத்தாலும் திரை தெளிவாகவே இருக்கும். சட்டகம் அமைக்க உதவும், எக்ஸ்போஷரைப் பற்றி ஒரு வார்த்தையும் சொல்லாது. ஃபிளாஷ் பயன்படுத்தும்போது நிலைமை வேறு. ஃபிளாஷின் ஒளி ஷட்டர் திறக்கும் கணத்தில்தான் வரும் என்பதால் லைவ் வியூவும் அதன் ஹிஸ்டோகிராமும் அதை அறிய வழியே இல்லை. அங்கே எடுத்த படத்தை மீண்டும் பார்ப்பது ஒன்றுதான் வழி. பல விநாடிகள் நீளும் எக்ஸ்போஷர்களிலும் திரையின் பாவனை ஓர் எல்லையோடு நின்றுவிடும்.

வரைபடத்தில் இல்லாதது

ஹிஸ்டோகிராம் என்ன என்பதை இங்கே விளக்கத் தேவையில்லை. இடக்கோடியில் 0 (முழுக்கருப்பு), வலக்கோடியில் 255 (முழுவெள்ளை), ஒவ்வொரு நிலையிலும் எத்தனை பிக்சல்கள் என்பதன் உயரம். அவ்வளவுதான். ஆனால் நடுவில் குன்றுபோல் எழுந்து இருபுறமும் சரிந்து இறங்குவதே நல்ல எக்ஸ்போஷரின் அடையாளம் என்ற நம்பிக்கை எங்கிருந்தோ வந்து ஒட்டிக்கொண்டிருக்கிறது. நூற்றுக்குப் பதினெட்டுப் பங்கு ஒளியைத் திருப்பித் தரும் சாம்பல் நிற அட்டை, திரைகளுக்கான வழக்கமான எஸ்ஆர்ஜிபி நிறக் கணக்கில் 118 என்ற எண்ணில், அதாவது ஏறக்குறைய நடுவில், வந்து அமரும். உலகம் முழுவதும் அந்த அட்டையால் ஆனதாக இருந்தால் நடுக்குன்று சரியாகத்தான் இருக்கும். பனி மூடிய வெளியை எடுத்தால் குன்று வலப்புறம் இருக்க வேண்டும். நிலக்கரிக் குவியலை எடுத்தால் இடப்புறம். இரண்டையும் நடுவுக்கு இழுத்துக் கொண்டுவந்தால் பனியும் கரியும் ஒரே சாம்பலாகிவிடும். வரைபடத்தின் வடிவத்தில் சரியென்றும் தவறென்றும் எதுவும் இல்லை. எடுக்கும் பொருளோடு ஒப்பிடும்போதுதான் அதற்குப் பொருள் உண்டாகிறது.

நிலவை எடுத்துப் பார்த்தவர்களுக்கு ஹிஸ்டோகிராமின் இன்னொரு குறை நன்றாகத் தெரியும். 300 மி.மீ. லென்ஸில் முழுநிலவு சென்சார் மீது 3 மி.மீ.க்கும் குறைந்த விட்டமுள்ள வட்டமாக விழுகிறது. 36-க்கு 24 மி.மீ. அளவுள்ள முழுச்சட்டக சென்சாரில் அது நூற்றில் ஒரு பங்குக்கும் குறைவான பரப்பு. மீதியெல்லாம் கருவானம். இந்தக் காட்சியின் ஹிஸ்டோகிராம் இடச்சுவரில் சாய்ந்து நிற்கும் ஒற்றைத் தூணாகத் தெரியும். நிலவின் பிக்சல்கள் அடிக்கோட்டோடு ஒட்டிக் கிடப்பதால் அவை இருப்பதே கண்ணில் படாது. வரைபடத்தை மட்டும் பார்ப்பவர் படம் மிகவும் இருண்டிருக்கிறது என்று முடிவுகட்டி ஒளியைக் கூட்டுவார். நிலவு வெள்ளை வட்டமாக வெந்துபோகும். நிலவோ சூரியன் நேரே காய்ந்துகொண்டிருக்கும் பாறை. அதற்குப் பகல் வெளிச்சத்துக்கான எக்ஸ்போஷரே பொருந்தும். ஐஎஸ்ஓ (ஒளியுணர்வு அளவு) 100-இல் அபெர்ச்சர் (லென்ஸின் திறப்பு) எஃப் 11, ஷட்டர் நூறில் ஒரு விநாடி என்ற பழைய கணக்கு இன்றும் நல்ல தொடக்கம். அந்த இடத்தில் நான் செய்வது லைவ் வியூவைப் பத்து மடங்கு பெரிதாக்கிப் பார்ப்பது. நிலவின் கருநிறச் சமவெளிகளும் அவற்றின் ஓரத்துப் பள்ளங்களின் விளிம்புகளும் பிரிந்து தெரியும் வரை ஷட்டர் வேகத்தைக் கூட்டிக்கொண்டே போனால், வரைபடம் சொல்லத் தவறிய விடையைத் திரை சொல்லிவிடுகிறது. நம்பாதே என்று சொல்லப்பட்ட சாட்சியே இங்கே உண்மையைச் சொல்கிறது.

இதன் காரணம் எளிமையானது. எவ்வளவு என்பதை ஹிஸ்டோகிராம் சொல்லும். எங்கே என்பதைச் சொல்லாது. வலச்சுவரில் மோதி நிற்கும் பிக்சல்கள் ஒருவரின் நெற்றியில் இருக்கின்றனவா, பின்னால் எரியும் விளக்கில் இருக்கின்றனவா என்பது அதற்குத் தெரியாது. விளக்கின் இழையும் நீரலையின் மினுக்கமும் வெளுத்துத்தான் தீர வேண்டும். அவற்றைக் காப்பாற்றப் போனால் மீதிப் படம் இருட்டில் மூழ்கும். நெற்றி வெளுத்தால் படமே போயிற்று. வரைபடத்தில் இரண்டுக்கும் உருவம் ஒன்றே.

ஒரு ரோஜாவும் மூன்று விடைகளும்

இவ்வளவும் தெரிந்திருந்தும், ஹிஸ்டோகிராம் குறையுள்ளதாக இருந்தாலும் அளவீடு அளவீடுதான் என்ற எண்ணம் எனக்குள் நீடித்தது. அதை அசைத்தது ஒரு சிவப்பு ரோஜா. மேகம் மூடிய காலை. நேரடி வெயில் இல்லை. மூன்றுகாலியில் கேமராவை நிறுத்தி, லென்ஸை மிக அருகில் கொண்டுபோய், மலரின் நடுச்சுருளைச் சட்டகத்தில் நிரப்பியிருந்தேன். இதழின் மேற்பரப்பில் நெருக்கமாக ஓடும் மெல்லிய நரம்புகளும், விளிம்பில் மடிந்து திரும்பும் இடத்தில் ஏற்படும் வெல்வெட் போன்ற மங்கலும்தான் எனக்கு வேண்டியிருந்தன. திரையில் அவை இல்லை. வெளி இதழ் ஒன்று முழுவதும் ஒரே சிவப்பாக, காகிதத்தில் வெட்டி ஒட்டியதைப் போலத் தட்டையாக இருந்தது. ஒளிர்வைக் காட்டும் வெள்ளை ஹிஸ்டோகிராமோ அமைதியாக இருந்தது; வலப்புறத்துக் கால்பகுதி காலியாகவே கிடந்தது. அறிவுரைப்படி நடந்தால் ஒளியை இன்னும் கூட்டலாம். சிவப்பு, பச்சை, நீலம் மூன்றையும் தனித்தனியாகக் காட்டும் ஹிஸ்டோகிராமுக்கு மாறினேன். பச்சையும் நீலமும் இடப்புறம் ஒதுங்கிக் கிடக்க, சிவப்பு வலச்சுவரில் செங்குத்தாக ஏறி நின்றது. அந்த நிலையில் ஒரு படமும், ஒளியைக் குறைத்து இன்னொன்றும் எடுத்துக்கொண்டு வந்தேன். வீட்டில் முதல் படத்தின் ரா கோப்பை (சென்சார் பதிவுசெய்ததை அப்படியே வைத்திருக்கும் கோப்பு), எந்தத் திருத்தமும் செய்யாத சென்சார் எண்களைக் காட்டும் மென்பொருளில் திறந்தபோது, சிவப்பில் ஒரு பிக்சல்கூட நிரம்பி வழியவில்லை. ஏறக்குறைய ஒரு ஸ்டாப் இடம் மிச்சம் இருந்தது.

ஒரே ஒளி, ஒரே கணம், ஒரே கேமரா, மூன்று விடைகள். இடம் தாராளமாக இருக்கிறது என்றது ஒன்று. இடமே இல்லை என்றது அடுத்தது. ஒரு ஸ்டாப் இருக்கிறது என்றது கோப்பு. முதல் முரண்பாட்டின் காரணம் ஒளிர்வைக் கணக்கிடும் முறை. கண் பச்சைக்கு அதிகமாகவும் நீலத்துக்குக் குறைவாகவும் துலங்குவதால், வழக்கமான கணக்கில் சிவப்புக்கு 0.299, பச்சைக்கு 0.587, நீலத்துக்கு 0.114 என்று எடை தருகிறார்கள். மற்ற இரண்டும் சுழியாக இருந்து சிவப்பு மட்டும் 255-ஐத் தொட்டுவிட்டால், ஒளிர்வு 76 என்றே வரும். உச்சத்தில் உடைந்துபோன சிவப்பு, வரைபடத்தில் நடுப்பகுதிக்கும் இடப்புறத்தில் போய் உட்கார்ந்துகொள்கிறது. செறிந்த நிறமுள்ள மலர், துணி, பறவை எதை எடுத்தாலும் ஒளிர்வு ஹிஸ்டோகிராம் இப்படித்தான் ஆறுதல் சொல்லும். அதை வைத்து முடிவெடுப்பதை நான் அன்றோடு விட்டேன்.

இரண்டாவது முரண்பாடுதான் என்னை அதிகம் யோசிக்க வைத்தது. கேமரா காட்டும் ஹிஸ்டோகிராம், தனித்தனி நிறங்களுக்கானதும் சேர்த்து, சென்சாரிலிருந்து நேரே வருவதில்லை. ஒயிட் பேலன்ஸ், நிறச்செறிவு, கான்ட்ராஸ்ட், நிறவெளி எல்லாம் போடப்பட்டு உருவாகும் ஜேபெக் படத்திலிருந்து வருகிறது. ரா மட்டும் எடுக்கும்படி வைத்திருந்தாலும் அப்படித்தான். பகல் ஒளியில் சென்சார் பச்சையை அதிகமாகவும் சிவப்பைக் குறைவாகவும் பதிவுசெய்வதால், வெள்ளையை வெள்ளையாகக் காட்டச் சிவப்பின் எண்களைப் பல கேமராக்கள் இரண்டு மடங்கை ஒட்டிப் பெருக்குகின்றன. இரண்டு மடங்கு என்றால் ஒரு ஸ்டாப். என் ரோஜாவில் மிச்சமிருந்த இடத்தின் கணக்கு பெரும்பாலும் இங்கேயே முடிந்துவிடுகிறது. அதன்மேல், அடர்ந்த சிவப்பு எஸ்ஆர்ஜிபி நிறவெளிக்குள் அடங்காமல் விளிம்பில் முட்டும். இதைச் சோதிக்க மலர்கூடத் தேவையில்லை. லைவ் வியூவில் ஹிஸ்டோகிராமை வைத்துக்கொண்டு, படப்பாணியை (கேமரா படத்துக்குத் தரும் நிறத் தோற்ற அமைப்பு) விவிட் என்பதிலிருந்து நியூட்ரல் என்பதற்கு மாற்றிப் பாருங்கள். ஷட்டரும் அபெர்ச்சரும் அப்படியே இருக்கும். சென்சாருக்குள் ஓர் ஒளித்துகள்கூடக் கூடுதலாகவோ குறைவாகவோ போயிருக்காது. வரைபடத்தின் குன்று மட்டும் இடம்பெயரும். திரையும் ஹிஸ்டோகிராமும் ஒரே சமையலின் இரண்டு பரிமாறல்கள் என்பது எனக்கு அப்போதுதான் உறைத்தது. கண்ணின் பழக்கம் ஹிஸ்டோகிராமைப் பாதிக்காது என்பது மெய். கேமரா உள்ளே செய்யும் அத்தனை திருத்தங்களும் அதையும் பாதிக்கின்றன என்பதும் மெய்.

வலப்பக்கம் தள்ளுவது எதற்காக

ஹிஸ்டோகிராமின் மீது இவ்வளவு நம்பிக்கை குவிந்ததற்கு 2003-இல் ஒளிப்பட எழுத்தாளர் மைக்கேல் ரைக்மன் எழுதிப் பரப்பிய யோசனை ஒரு முக்கியக் காரணம். ஃபோட்டோஷாப்பை உருவாக்கியவர்களில் ஒருவரான தாமஸ் நோலுடன் நடந்த உரையாடலுக்குப் பிறகு அவர் சொன்னது இது: சென்சார் ஒளியை நேர்விகிதத்தில் பதிவுசெய்வதால், 12 பிட் கோப்பின் 4096 நிலைகளில் 2048 நிலைகள் மிகவும் பிரகாசமான ஒரு ஸ்டாப்புக்கே போய்விடுகின்றன, அடுத்த ஸ்டாப்புக்கு 1024, அதற்கடுத்ததற்கு 512. ஆகவே வெளுத்துப்போகாத அளவுக்குக் குன்றை வலப்புறம் தள்ளி எடுத்து, பிறகு கணினியில் இருட்டாக்கிக்கொள்ள வேண்டும். யோசனை நல்லது; அதற்குச் சொல்லப்பட்ட காரணத்தைவிட வலுவான காரணம் வேறொன்று இருக்கிறது. ஒளித்துகள்கள் சீராக வருவதில்லை. ஒரு பிக்சலுக்கு 100 துகள்கள் வந்தால் அதில் 10 அளவுக்கு ஏற்ற இறக்கம் இருக்கும்; 10,000 வந்தால் 100. முதலாவது நூற்றுக்குப் பத்து, இரண்டாவது நூற்றுக்கு ஒன்று. நிழற்பகுதிகளில் நாம் நாய்ஸ் (புள்ளிப்புள்ளியான இரைச்சல்) என்று நொந்துகொள்வதில் பெரும்பங்கு இந்த ஏற்ற இறக்கம்தான். அதிக ஒளியைச் சேர்த்தால் அது அடங்குகிறது. நிலைகளின் எண்ணிக்கை இரண்டாம்பட்சம்.

இந்த வேறுபாட்டை நான் வலியுறுத்துவதற்குக் காரணம் உண்டு. வலப்பக்கம் தள்ளுவது வரைபடத்தின் வடிவத்துக்காக என்று புரிந்துகொண்டவர்கள், ஷட்டரையும் அபெர்ச்சரையும் மாற்ற முடியாத இடத்தில் ஐஎஸ்ஓவைக் கூட்டிக் குன்றை நகர்த்துகிறார்கள். வரைபடம் அழகாகிறது, சென்சாருக்கு வந்த ஒளி அதே அளவுதான். சில கேமராக்களில், குறிப்பாகப் பழையவற்றில், ஐஎஸ்ஓவைக் கூட்டுவதால் கருவியின் மின்சுற்றுகள் சேர்க்கும் நாய்ஸ் ஓரளவு குறையும்; அந்தப் பலன் உண்டு. அதற்காக ஹைலைட்டுகளுக்கான (மிகப் பிரகாசமான பகுதிகளுக்கான) இடத்தை இழக்கிறோம் என்பதையும் சேர்த்தே எண்ணிப் பார்க்க வேண்டும். அசையாத காட்சியில், மூன்றுகாலியில், அடிப்படை ஐஎஸ்ஓவில் ஷட்டரை நீட்டி வலப்பக்கம் தள்ளுவதே முழுப் பயன் தரும் முறை.

இப்போது நான் வேலை செய்யும் விதம் இதிலிருந்துதான் உருவானது. படப்பாணியை நியூட்ரலில் வைத்து கான்ட்ராஸ்ட்டைக் குறைத்திருப்பதால் திரையின் தோற்றம் சற்றே சோகையாக இருக்கும். திரையும் வரைபடமும் கோப்புக்கு நெருக்கமாக வருவதால் அதைப் பொறுத்துக்கொள்கிறேன். எக்ஸ்போஷரை முடிவு செய்யும் கணத்தில் நான் முதலில் பார்ப்பது ஜீப்ரா கோடுகளை. வெளுக்கும் இடத்தின் மீதே கோடுகள் ஓடுவதால், எங்கே என்ற கேள்விக்கு அது விடை தருகிறது. இழக்கலாகாத இடம் எது என்பதை நான் தீர்மானித்துக்கொள்கிறேன். லைவ் வியூவுக்குள் கட்டப்பட்ட வசதிகளிலேயே இதைத்தான் மிக மேலானதாகக் கருதுகிறேன். ஹிஸ்டோகிராமுக்கு அடுத்த இடம், அதுவும் நிறங்கள் பிரிந்து தெரியும் ஹிஸ்டோகிராமுக்கு. நிழற்பக்கத்தைப் பார்க்கவும் இருமுனையும் வெட்டுப்படும் காட்சியை அடையாளம் காணவும் அது வேண்டும். நைக்கான் 2014-இல் டி810 கேமராவில் ஹைலைட்டுகளுக்கே முதன்மை தரும் ஒளியளவீட்டைச் சேர்த்தது, இந்தத் திசையில் எடுத்துவைக்கப்பட்ட நல்ல அடி.

எனக்கு மீதமிருக்கும் மனக்குறை ஒன்றுதான். ரா கோப்பின் உண்மையான எண்கள் கேமராவுக்குள்ளேயே இருக்கின்றன. அவற்றிலிருந்து வரைபடம் போட்டுக் காட்ட முடியாது என்பதில்லை. 2012-இல் வந்த லைக்கா எம் மோனோக்ரோம் அதைச் செய்து காட்டியது. நிற வடிகட்டியே இல்லாத கருவி என்பதால் அங்கே அது எளிது என்று வாதிடலாம். ஆனால் நிற சென்சாரின் நான்கு நிறப்புள்ளிகளையும் (சிவப்பு, நீலம், இரண்டு பச்சை) பிரித்துக் காட்டுவதற்குத் தேவையான கணக்கு ஒன்றும் பெரிதல்ல. அந்த வசதி பரவலாக வரும்வரை, கருவி காட்டும் எல்லைக்கும் கோப்பின் எல்லைக்கும் இடையிலுள்ள தூரத்தை அவரவர் கேமராவில் அவரவரே அளந்துகொள்ளலாம். சீரான ஒளியில் ஒரு வெள்ளைப் பரப்பை வைத்து, ஜீப்ரா எழும் இடத்திலிருந்து மூன்றில் ஒரு ஸ்டாப்பாகக் கூட்டிக்கொண்டே எடுத்து, ரா டிகர் போன்ற மென்பொருளில் எந்தப் படத்தில் எந்த நிறம் முதலில் நிரம்புகிறது என்று பார்த்தால் போதும். பகல் ஒளியில் ஒருமுறையும் டங்ஸ்டன் விளக்கில் ஒருமுறையும் இதைச் செய்ய வேண்டும். டங்ஸ்டன் ஒளியில் சிவப்பு ஏற்கெனவே மிகுந்திருப்பதால் கேமரா அதைப் பெருக்கும் அளவு குறைந்து, நீலத்தைப் பெருக்கும் அளவு கூடிவிடும். பகலில் சிவப்புக்குக் கிடைத்த ஒரு ஸ்டாப் இடத்தை அங்கே எதிர்பார்க்க முடியாது.